வேகமா, வடிவமா? காத்துகிட்ட கேளுங்க

ஆடி மாசம் எங்க ஊர்ப் பக்கம் வந்திருக்கீங்களா? கூடங்குளம்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு அணு உலை ஞாபகம் வரும். எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது காத்து. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா உள்ள புகுந்துட்டா, முப்பந்தல்ல ஆரம்பிச்சு ராதாபுரம் பக்கம் வரைக்கும் காத்தாடி எல்லாம் நிக்காம சுத்தும். பைக்ல போனா ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்கும்.

இப்ப ஒரு கற்பனை. இந்தக் காத்துல, 900 மீட்டர் தள்ளி ஒரு பேப்பர் டார்கெட் வச்சிருக்கோம். உங்க கையில ஒரு ரைபிள். ரெண்டு வகைத் தோட்டா தர்றாங்க. ஒண்ணுல எடை கம்மியான குண்டு, ரொம்ப வேகமா கிளம்பும். இன்னொண்ணுல எடை கூடின, நீளமான, கூர்மையான குண்டு. அது கொஞ்சம் மெதுவாத்தான் கிளம்பும். எதை எடுப்பீங்க?

இந்தக் கேள்வியை நம்ம டிபார்ட்மென்ட்ல யார்கிட்ட கேட்டாலும் பத்துல எட்டுப் பேர் வேகத்தைத்தான் எடுப்பாங்கன்னு நினைக்கிறேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தா காத்து தள்ள நேரம் கிடைக்காது, அவ்வளவுதானே? கேட்க சரியா இருக்கு. ஆனா அது தப்பு. ஏன் தப்புங்கிறது துப்பாக்கி தொடாதவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்ங்கிறதுதான் என் கருத்து.

பத்து மீட்டர்ல வடிவம் முக்கியமில்ல

தமிழ்நாட்டுல துப்பாக்கி சுடும் போட்டின்னா நம்ம வயசுக்காரங்க பாதிப் பேருக்கு அஜித்தான் ஞாபகம் வருவார். 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில அவர் கலந்துகிட்டப்ப ரைபிள் கிளப் வாசல்ல கூடின கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக் போயிருக்காங்க. அவங்க சுடுறது 10 மீட்டர் ஏர் ரைபிள். அந்த டார்கெட்ல 10 மார்க் புள்ளியோட அகலம் வெறும் அரை மில்லிமீட்டர்.

அந்த ஏர் ரைபிள் பெல்லட்டை எப்பவாவது கையில எடுத்துப் பாருங்க. 4.5 மில்லிமீட்டர் அகலம், எடை சுமார் அரை கிராம். மூக்கு கூர்மையா இருக்காது, சப்பட்டையா இருக்கும். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சார் பார்த்தா தலையில அடிச்சுக்குவார். ஏன் அப்படி? பேப்பர்ல சுத்தமான வட்ட ஓட்டை விழுந்தாத்தான் மார்க்கைச் சரியா எண்ண முடியும். அதுக்காக வந்த வடிவம் அது. உள்ளரங்கத்துல, காத்தே இல்லாத இடத்துல, 10 மீட்டருக்குள்ள அந்தச் சப்பை மூக்கால ஒரு நஷ்டமும் இல்ல.

அப்போ "எது நல்ல வடிவம்?"னு மொட்டையா கேட்கிறதுல அர்த்தம் இல்ல. எவ்வளவு தூரம், எந்தக் காத்துல அப்படின்னு சேர்த்துத்தான் கேட்கணும்.

ஐம்பது மீட்டர்ல ஒரு அதிசயம்

அடுத்த படி 50 மீட்டர் ரைபிள். பாரிஸ் 2024-ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் ஜெயிச்ச போட்டி இந்த வகைதான். சென்னையில பிறந்த ககன் நரங் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 50 மீட்டர் ப்ரோன்ல வெள்ளி வாங்கினார். இதுல பயன்படுத்துறது .22 ரைபிள். என்.சி.சி.-ல இருக்கிறவங்களுக்கு இந்த அளவு நல்லாத் தெரியும்.

.22 தோட்டாவுல ரெண்டு வகை உண்டு. சாதா வேக வகை வினாடிக்கு சுமார் 325 மீட்டர்ல கிளம்பும். ஹை வெலாசிட்டி வகை சுமார் 380 மீட்டர்ல கிளம்பும். உலகத்துல உள்ள பெரிய வீரர்கள் போட்டிக்கு எதை எடுக்கிறாங்க? மெதுவா போறதை!

காரணம் ஒலியின் வேகம். 15 டிகிரியில அது வினாடிக்கு 340 மீட்டர், நம்ம ஊர் வெயில்ல 350 பக்கம் இருக்கும். ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்துல டிராக் கோஎஃபிஷியன்ட் திடீர்னு எகிறும்னு நாம படிச்சிருக்கோம். 380-ல கிளம்புற குண்டு நேரா அந்த மேட்டுல போய் மோதுது. 325-ல கிளம்புறது மேட்டுக்குக் கீழேயே நழுவிப் போயிடுது.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். சாதா வகை 325-ல கிளம்பி 50 மீட்டர்ல 305-க்கு இறங்குதுன்னு வைங்க. ஹை வெலாசிட்டி 380-ல கிளம்பி 340-க்கு இறங்குது. சராசரி வேகத்தை வச்சுப் பார்த்தா, முதல் குண்டுக்கு 0.159 வினாடி ஆகும். ரெண்டாவதுக்கு 0.139 வினாடி. ஹை வெலாசிட்டி 20 மில்லி வினாடி முன்னாடியே போய்ச் சேர்ந்துடுது. ஆனா பக்கவாட்டுல வினாடிக்கு 4 மீட்டர் காத்து அடிச்சா, சாதா குண்டு சுமார் 2 செ.மீ. விலகும், ஹை வெலாசிட்டி சுமார் 3 செ.மீ. விலகும். அந்த டார்கெட்ல 10 மார்க் வட்டத்தோட மொத்த அகலமே 10.4 மில்லிமீட்டர். அதாவது நீங்க காசு கொடுத்து வாங்கின கூடுதல் வேகம், உங்ககிட்ட இருந்து ஒரு முழுப் பத்து வட்டத்தைப் பிடுங்கிட்டுப் போயிடுது.

சீக்கிரம் போனது ஏன் அதிகமா விலகுச்சு?

காத்து தள்ளல, தாமதம்தான் தள்ளுது

இதுக்கு விடையை 19-ஆம் நூற்றாண்டுலயே டிடியன்னு ஒரு பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் பேர்ல வழங்குற ஒரு சூத்திரம் சொல்லிடுது. முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும், நாமளே இப்ப வருவிச்சுடலாம்.

பக்கவாட்டுக் காத்தோட வேகம் W. குண்டு கிளம்புற வேகம் V. டார்கெட் தூரம் X. போய்ச் சேர ஆகுற நேரம் T. இப்ப நீங்க தரையில நிக்காம, காத்தோடயே மிதந்து போறதா நினைச்சுக்கோங்க. உங்க பார்வையில காத்து அசையாம நிக்குது. ஆனா குண்டுக்கு முன்னோக்கி V, பக்கவாட்டுல காத்துக்கு எதிர்த் திசையில W அப்படின்னு ரெண்டு வேகம் இருக்கும். அசையாத காத்துல டிராக் எப்பவும் குண்டு போற திசைக்கு நேர் எதிராத்தான் இழுக்கும். அதனால குண்டு வேகம் குறைஞ்சாலும் பாதை நேர்கோடுதான். அது X தூரம் முன்னால போறதுக்குள்ள, பக்கவாட்டுல காத்துக்கு எதிரா W × X/V போயிருக்கும். அந்த நேரத்துல காத்தோட சேர்ந்து நீங்க W × T நகர்ந்திருப்பீங்க. ரெண்டையும் கழிச்சா, தரையில நிக்கிறவனுக்குத் தெரியுற விலகல்:

விலகல் = W × (T − X/V)

அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதைப் பாருங்க. X/V-ங்கிறது காத்தே இல்லாத வெற்றிடத்துல ஆகியிருக்க வேண்டிய நேரம். T நிஜமா ஆன நேரம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாமதம். ஆக, குண்டு எவ்வளவு நேரம் பறந்ததுங்கிறதைப் பத்திக் காத்துக்குக் கவலையே இல்ல. எவ்வளவு லேட் ஆச்சுங்கிறதை மட்டும்தான் அது பார்க்குது.

இப்ப 900 மீட்டர் கேள்விக்கு வருவோம். கணக்குக்காக, ஒரு குண்டு வினாடிக்கு 900 மீட்டர்ல கிளம்பி 1.6 வினாடியில போய்ச் சேருதுன்னு வைங்க. வெற்றிடத்துல 1 வினாடி ஆகியிருக்கும், அதனால தாமதம் 0.6. இன்னொண்ணு 800-ல கிளம்புது, ஆனா வடிவம் நல்லா இருக்கிறதால அதே 1.6 வினாடியில சேர்ந்துடுது. வெற்றிடத்துல 1.125 வினாடி, தாமதம் 0.475. வினாடிக்கு 5 மீட்டர் காத்துல முதல் குண்டு 3 மீட்டர் விலகும், ரெண்டாவது 2.4 மீட்டர்தான். ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேர்ந்தும், வேகமா கிளம்பினதுக்குத்தான் அடி அதிகம்.

தாமதத்தைக் குறைக்கிறது எது? அதுக்குத்தான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்னு ஒரு எண். ரெண்டு விஷயம் அதுல இருக்கு. ஒண்ணு, குண்டோட எடையை அதோட விட்டத்தின் வர்க்கத்தால வகுத்தது. இன்னொண்ணு வடிவம்: முன்பக்கம் எவ்வளவு கூர்மை, பின்பக்கம் படகு மாதிரி எவ்வளவு ஒடுங்குது. முதல் விஷயம் நம்ம பாட்டிங்களுக்கே தெரியும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னாங்களே, அது காத்தோட மிரட்டலைக் காட்ட. நிஜத்துல பனையோலை பறக்கும், அம்மி கிடந்த இடத்துலயே கிடக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே கத்துகிட்ட பாடம்

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்ல. அமெரிக்க ராணுவம் 1906-ல ஒரு தோட்டாவை ஏத்துகிட்டாங்க. சுமார் 9.7 கிராம் குண்டு, பின்பக்கம் தட்டை, வினாடிக்கு சுமார் 820 மீட்டர் வேகம். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான எண். 4 கிலோமீட்டருக்கு மேல போகும்னு ஏட்டுல எழுதி வச்சிருந்தாங்க. முதல் உலகப் போர் வந்து, அதுக்கப்புறம் முறையாச் சோதிச்சுப் பார்த்தா 3 கிலோமீட்டர் சொச்சம்தான் போச்சு. 1920-கள்ல 11 கிராமுக்கு மேல எடையுள்ள, பின்பக்கம் ஒடுங்கின குண்டுக்கு மாறினாங்க. கிளம்புற வேகம் கொஞ்சம் குறைஞ்சது, ஆனா எட்டுற தூரம் 5 கிலோமீட்டர் அளவுக்குப் போச்சு. ஜெர்மனிக்காரங்களும் இதே மாதிரி 10 கிராம் வேகக் குண்டுல ஆரம்பிச்சு, 12.8 கிராம் படகுவால் குண்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தாங்க.

கதையில ஒரு திருப்பம் உண்டு. அந்தப் புதுக் குண்டு அளவுக்கு மீறித் தூரம் போனதால, பயிற்சி மைதானங்களோட பாதுகாப்பு எல்லைக்குள்ள அடங்கல. அதனால 1930-களோட கடைசியில அமெரிக்கா மறுபடியும் எடை குறைந்த, தட்டை அடிக் குண்டுக்கே திரும்பிடுச்சு. சிறந்த டிசைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, எந்த வேலைக்குச் சிறந்ததுங்கிறதுதான் கேள்வின்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்லித் தர முடியாது.

வேகத்தோட பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கு. அதைச் சொல்லாம விட்டா இது கட்டுரை இல்ல, கட்சிப் பேச்சு.

முதல் நியாயம், ஒலிவேகத்தோட எல்லைக் கோடு. 50 மீட்டர்ல குண்டு அந்த மேட்டுக்குக் கீழேயே ஓடிடலாம். 900 மீட்டருக்கு அது நடக்காது, ஒலியை விட வேகமாத்தான் கிளம்பியாகணும். அப்படிக் கிளம்புற குண்டு, டார்கெட்டுக்கு முன்னாடியே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கினா அங்க தள்ளாட ஆரம்பிக்கலாம். .308 ரைபிள்ல 168 கிரெயின் எடையுள்ள ஒரு புகழ்பெற்ற போட்டிக் குண்டு உண்டு. 300 மீட்டர் போட்டிக்காகப் பிறந்தது, அங்க ராஜா. அதையே 1000 கெஜத்துக்குக் கொண்டு போனா, செங்குத்தா ஒடுங்குற அதோட வால் காரணமா, ஒலிவேகத்தை நெருங்கும்போது நிலை குலைஞ்சுடும்னு சுடுறவங்க எல்லாருக்கும் தெரியும். பால்மான்னு ஒரு சர்வதேசப் போட்டி இருக்கு. 800, 900, 1000 கெஜம். அதுல 155 கிரெயின் குண்டைத்தான் பயன்படுத்தணும்னு விதி வச்சிருந்தாங்க. எடையைக் கூட்ட வழி இல்லாதப்ப அந்த வீரர்கள் என்ன செஞ்சாங்க? சுமார் 30 இஞ்ச் நீளக் குழல் வச்சு வேகத்தைக் கூட்டினாங்க. கடைசி வரைக்கும் ஒலியை விட வேகமா போகணும்ல? அந்த அளவுக்கு வேகம் கண்டிப்பா வேணும்.

ரெண்டாவது நியாயம், தூரம் தெரியாத இடம். வேகமான குண்டு கம்மியா தாழும், அதனால தூரத்தைக் கொஞ்சம் தப்பா கணிச்சாலும் பரவாயில்ல. ஆனா போட்டி மைதானத்துல தூரம் அளந்து எழுதி வச்சிருக்கும். 2010 டெல்லி காமன்வெல்த்ல, குருகிராம் பக்கம் காதர்பூர் மைதானத்துல ஃபுல்போர் போட்டி நடந்தப்ப 300 கெஜத்துல இருந்து 1000 கெஜம் வரைக்கும் சுட்டாங்க. யாரும் தூரத்தை ஊகிக்க வேண்டியிருக்கல.

என் வாதத்தோட மையம் இதுதான். 900 மீட்டர்ல குண்டு 10 மீட்டருக்கு மேல தாழும். கேட்டா பயமா இருக்கும். ஆனா புவியீர்ப்பு தினமும் 9.8-தான். திங்கட்கிழமையும் அதே, ஆடி மாசமும் அதே. கணக்குப் போட்டு சைட்ல திருகைத் தேவையான அளவு திருப்பினா அந்தப் பிழை காலி. காத்து அப்படி இல்ல. உங்க பக்கத்துல ஒரு வேகம், நடுவுல ஒரு வேகம், டார்கெட் பக்கத்துல வேற திசை. தூரத்துல சுத்துற காத்தாடியைப் பார்த்துக் கணிக்கலாமான்னா, அதோட இறக்கை இருக்கிற உயரத்துல அடிக்கிற காத்து வேற, தரையை ஒட்டி அடிக்கிறது வேற. பவுண்டரி லேயர் பாடத்தை இங்கதான் நேர்ல பார்க்கணும். அனுபவம் உள்ளவங்க டெலஸ்கோப்ல கானல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துக் கணிப்பாங்க. அப்பவும் அது கணிப்புதான்.

மேல போட்ட 900 மீட்டர் கணக்குல, காத்தை வினாடிக்கு 1 மீட்டர் தப்பா கணிச்சா வேகக் குண்டு 60 செ.மீ. தள்ளி விழும், வடிவக் குண்டு 47 செ.மீ. சொச்சம்தான் தள்ளும். சுடுறவனோட தப்பை அது கொஞ்சம் மன்னிக்குது.

ஆக, உங்ககிட்ட இருக்கிற பட்ஜெட்டை, அதாவது மருந்தோட அழுத்தம், தோள்ல வாங்குற உதை, குழலோட ஆயுள் எல்லாத்தையும், கணக்குல சரி பண்ணக்கூடிய பிழைக்குச் செலவு பண்ணாதீங்க. கணிக்கவே முடியாத பிழையைக் குறைக்கச் செலவு பண்ணுங்க. ஒலிவேக எல்லையைத் தாண்டிக் கொண்டு போகத் தேவையான வேகம் கையில வந்த பிறகு, மிச்சம் எல்லாம் வடிவத்துக்கு. அதுக்கும் மேல ஒரு ரூபாய் மிஞ்சினா, வேகத்தைக் கூட்டாதீங்க, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்துல கிளம்புற மாதிரி பார்த்துக்கோங்க. அதுதான் மேலும் கீழும் சிதறுறதைக் குறைக்கும்.

சரி, இது நமக்கு எதுக்கு?

நம்மள்ல நிறைய பேர் வாழ்க்கையில ஒரு தடவை கூட 1000 கெஜம் சுடப் போறதில்ல. ஆனா எல்லாரும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றோம். ரிவ்யூல முதல் கேள்வி என்ன வருது? "மேக்ஸிமம் ஸ்பீடு என்ன?" ட்ரோன்னா டாப் ஸ்பீடு, மோட்டார்னா பீக் டார்க், மாடல்னா ட்ரெயினிங் அக்யூரசி. எல்லாமே குழல் வாய்ல அளக்குற எண். காத்து இன்னும் தொடாத எண்.

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல, மகேந்திரகிரியில இஸ்ரோவோட உந்துவிசை வளாகம் இருக்கு. அங்க ராக்கெட் இன்ஜினை வச்சுப் பார்க்கிறாங்க. இன்ஜின் தர்றது வேகம். ஆனா அந்த ராக்கெட் கூர்மூக்கோட கிளம்புது, காத்து மண்டலத்தைத் தாண்டினதும் அந்த மூக்குக் கவசத்தைக் கழட்டி எறிஞ்சுடுது. 2023 ஆகஸ்ட் 23-ல நிலாவுல இறங்கின விக்ரம் லேண்டரைப் பாருங்க, கால் முளைச்ச பெட்டி மாதிரி இருக்கும். காத்து இருக்கிற இடத்துல வடிவத்துக்குச் செலவு, இல்லாத இடத்துல ஒரு கிராம் கூட அதுக்குத் தர்றதில்ல. எந்த எண்ணையும் பழக்கதோஷத்துல துரத்துறதில்ல.

ப்ளேஸ்மென்ட் பேக்கேஜையும் இதோட ஒப்பிட்டு ஒரு தத்துவம் சொல்வேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. சொல்ல மாட்டேன். வீட்டுல கல்விக் கடன் இருக்கிறவனுக்குத் தொடக்கச் சம்பளம்தான் அந்த ஒலிவேக எல்லை, அதைத் தாண்டியே ஆகணும். அவன்கிட்ட போய் வடிவம் முக்கியம்னு உபதேசம் பண்ண எனக்கு உரிமை இல்ல.

ப்ராஜெக்ட் விஷயத்துல மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரிவ்யூல உங்க ஸ்பெக் டேபிள்ல ரெண்டு காலம் சேருங்க. ஒண்ணு, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது இந்த எண் எவ்வளவு மிச்சம் இருக்கு? இன்னொண்ணு, நம்ம கணக்குல இல்லாத ஒரு தொந்தரவு வந்தா எவ்வளவு விலகும்? கைடு கேட்கலேன்னாலும் எழுதி வைங்க. ஜூனியர்ஸ் யாராவது அதைப் படிச்சுட்டு "இது எதுக்கு அண்ணா?"ன்னு கேட்டா, ஆடி மாசம் ஒரு நாள் அவங்களைக் கூடங்குளம் பஸ்ல ஏத்தி விடுங்க. மிச்சத்தைக் காத்து சொல்லித் தரும்.